கலியமூர்த்தி குறை தேடிப் போன வீடு

வடக்குத்து ஊரில் கலியமூர்த்தியைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவரிடம் மாட்டிக்கொண்டு முழிக்காதவர்கள் இருக்க முடியாது. கல்யாணத்துக்கு அழைத்தால் மொய் வைக்கும் முன்பே மண்டபத்தின் பின்பக்கம் போய்விடுவார். கேஸ் சிலிண்டரின் ரப்பர் குழாயை வளைத்துப் பார்ப்பார், எண்ணெயை முகர்ந்து பார்ப்பார், கழுவின தண்ணீர் எங்கே போய் விழுகிறது என்று எட்டிப் பார்ப்பார். எல்லாம் சரியாக இருந்தால் பந்தியில் உட்காருவார். இல்லையென்றால் வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து ரசஞ்சோறு கேட்பார். மாப்பிள்ளை வீட்டார் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வதைப் பற்றி அவருக்கு ஒரு கவலையும் கிடையாது.

இந்தப் புத்தி அவருக்குப் பிறவியில் வந்ததல்ல, சுரங்கத்தில் வந்தது. அவர் பிறந்த ஊரின் நிலம் சுரங்கத்துக்குப் போனது. நிலத்துக்கு ஈடாக வேலை வந்தது. நிலக்கரியையும் மண்ணையும் மேலே கொண்டுவருகிற கன்வேயர் பெல்ட்டைப் பழுதுபார்க்கிற வேலை. பெரிய அதிகாரி வருகிறார் என்றால் பெல்ட்டின் முன்பக்கத்தைக் கூட்டிப் பெருக்கிச் சுண்ணாம்பு அடித்து வைப்பார்கள். பின்முனையில், டெயில் எண்டில், மண் உருளை வரைக்கும் முட்டி நிற்கும். அதிகாரி முன்பக்கம் பார்த்துவிட்டு டீ குடித்துவிட்டுப் போவார். பெல்ட் மறுநாளே பின்முனையில் கிழிந்து நிற்கும். கிழிந்ததைத் தைக்கப் போகிறவர் கலியமூர்த்தி. அப்புறம் அவர் எந்த இடத்தின் முன்பக்கத்தைத்தான் நம்புவார்?

அவருடைய மனைவி காந்திமதி இதைச் சொல்லிச் சொல்லியே குவார்ட்டர்ஸில் பெயர் வாங்கினவள். "என்னியப் பொண்ணு பார்க்க வந்தப்பயும் இந்த மனுஷன் நேரா தோட்டத்துக்குப் போயி கெணத்த எட்டிப் பார்த்தாரு. தண்ணி இருக்குதுன்னு தெரிஞ்ச பெறகுதான் என் மூஞ்சியவே பார்த்தாரு" என்பாள். பிளாக்கில் உள்ள பெண்கள் எல்லாம் சிரிப்பார்கள். கலியமூர்த்தி பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொள்வார்.

ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வடக்குத்தில் வீடு கட்டினார்கள். ஒவ்வொரு செங்கல்லையும் தட்டிப் பார்த்து வாங்கிய வீடு. சுவரில் ஒரு விரிசல் கிடையாது. அந்த வீட்டில் குடியேறிச் சில வருஷங்களிலேயே காந்திமதிக்குக் கணையத்தில் கட்டி வந்துவிட்டது.

புதுச்சேரியில் நல்ல வைத்தியம்தான் நடந்தது. டாக்டர்கள் ஒளிக்காமல் சொன்னார்கள், நோய்க்கு இனி மருந்து இல்லை, வலிக்குத்தான் மருந்து என்று. வீட்டுக்கு அழைத்து வந்தார். வலி கூடவே வந்தது. அவர்கள் கொடுத்த மாத்திரையைக் கலியமூர்த்தி பத்திரமாகப் பூட்டி வைத்தார். காந்திமதி பல்லைக் கடித்துக்கொண்டு முனகும்போது கொடுக்க மாட்டார், இனித் தாங்காது என்று கத்தும்போதுதான் ஒன்று எடுத்துக் கொடுப்பார். பலமான மருந்தை இப்போதே பழக்கிவிட்டால் பின்னால் வேலை செய்யாதே என்ற பயம் அவருக்கு. நல்ல எண்ணத்தில் செய்ததுதான். நல்ல எண்ணத்தில் செய்கிற தப்புக்குத்தான் திருத்த ஆள் கிடைப்பதில்லை.

ஒருநாள் சாயங்காலம், வலி சற்று அடங்கியிருந்த நேரத்தில், காந்திமதி அவரைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"நான் சாவறதுக்குப் பயப்படலைங்க. எங்க அக்காவ ஆஸ்பத்திரில பார்த்தேன் பாருங்க, அதுக்குத்தான் பயமா இருக்குது. ஆயாங்க ரெண்டு பேரு ஒரு வார்த்த சொல்லாம அவள மூட்டையப் பெரட்டற மாதிரி பெரட்டுனாங்க. ரெண்டு பேரும் சினிமாக் கத பேசிகினே பெரட்டுனாங்க. அவளால வாயத் தொறக்க முடியல. கண்ணு மட்டும் என்னியப் பார்த்துகினே இருந்துச்சி."

கலியமூர்த்தி அவள் கால்மாட்டுப் போர்வையைச் சரிசெய்தார்.

"ஊரெல்லாம் செக்கிங் பண்றீங்களே, எனக்கு ஒரு எடம் பாருங்க. சாமான் மாதிரி என்னியப் பெரட்டாத எடமா பாருங்க. நீங்க போயி பார்த்துட்டு வந்து, சரின்னு ஒரு வார்த்த சொல்லிட்டா போதும். நான் கண்ண மூடிகினு வர்றேன்."

இத்தனை வருஷமாக எந்தக் குணத்தைச் சொல்லி அவரைக் கேலி செய்தாளோ, அதை நம்பித்தான் இப்போது தன்னையே ஒப்படைத்தாள். கலியமூர்த்தி தலையை மட்டும் ஆட்டினார்.

மறுநாளே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பக்கத்து டவுனில் ஒரு இடம். கண்ணாடிக் கதவு, மீன் தொட்டி, அறைக்கு அறை டி.வி. கலியமூர்த்தி கட்டில்களைச் சுற்றிக்கொண்டு தலைமாட்டுப் பக்கம் போனார். படுத்திருப்பவர்கள் ஆளைக் கூப்பிட அழுத்துகிற மணியின் ஒயரைச் சுருட்டி, கைக்கு எட்டாத உயரத்தில் முடிச்சுப் போட்டிருந்தார்கள். எல்லாக் கட்டிலிலும் அப்படித்தான். அவர் அப்படியே திரும்பி வந்துவிட்டார். இன்னொரு இடத்தில் பார்வை நேரம் முடிந்தது என்று கேட்டைத் திறக்கவே இல்லை. பூட்டிய கேட்டுக்குள் என்ன நடக்கும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அவரோடு வேலை பார்த்த துரைராஜ்தான் பத்துக் கட்டில் வீட்டைப் பற்றிச் சொன்னார். வடலூரைத் தாண்டி, ஒரு அரிசி மில்காரர் குடும்பம் தருமத்துக்கு எழுதி வைத்த பழைய வீடு. பிழைக்க மாட்டார்கள் என்று தெரிந்தவர்களை மட்டும் வைத்துப் பார்த்துக்கொள்கிற இடம். துரைராஜின் அம்மா அங்கேதான் கண்ணை மூடினாள். "எப்படிப்பா இருக்கும்?" என்று கலியமூர்த்தி கேட்டதற்கு, "நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். சொன்னா நீ நம்பவா போற? நீயே போயி பாரு" என்றுவிட்டார் துரைராஜ்.

போனார். முன்பக்கம் பார்க்கச் சகிக்கவில்லை. சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. பெயர்ப் பலகையில் ஒரு எழுத்தைக் காணோம். கேட்டில் ஆள் இல்லை. கலியமூர்த்தி வழக்கம்போலச் சுவரோரமாக நடந்து பின்பக்கம் போனார்.

பின்பக்கம் ஒரு பலா மரம். மரத்திலிருந்து சுவர் வரைக்கும் கொடி கட்டி வெள்ளை விரிப்புகளைக் காயப் போட்டிருந்தார்கள். ஒட்டுப் போட்ட விரிப்புகள்தான், ஆனால் அழுக்கு என்று விரலை வைத்துக் காட்ட ஒரு இடம் இல்லை. ஒரு பெண் காய்ந்த விரிப்பை மடியில் போட்டுக்கொண்டு, கண்ணை வேறு எங்கோ வைத்து, உள்ளங்கையால் அதை மெல்லத் தடவிக்கொண்டிருந்தாள். ஓரிடத்தில் கை நின்றது. நூல் முடிச்சு ஒன்றைத் தேடி எடுத்து வெட்டினாள்.

"அது இன்னாத்துக்கு?" என்றார் கலியமூர்த்தி.

"முதுகுல உறுத்துங்க. நமக்குத் தெரியாது. படுத்தே கெடக்கறவங்களுக்கு அது கல்லு மாதிரி" என்றாள். யார் நீங்கள், ஏன் பின்பக்கம் வந்தீர்கள் என்று கேட்கவில்லை. "உள்ளாறயும் போயி பாருங்க" என்றாள்.

அவள் பெயர் செல்லக்கிளி. கலியமூர்த்தி அதோடு விட்டிருக்கலாம். "எந்த ஊரு? எந்தத் தெரு?" என்று கேட்டார். தெருவைக் கேட்டால் சாதியைக் கேட்டதாக அர்த்தம். அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் தன் ஊரைச் சொன்னாள், காலனி என்றும் சொன்னாள், அடுத்த விரிப்பை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

உள்ளே கலியமூர்த்தி எதிர்பார்த்த எதுவும் இல்லை. பீப் பீப் என்று கத்துகிற மெஷின் இல்லை, தொங்குகிற டிரிப் பாட்டில் இல்லை, ஓடிக்கொண்டே இருக்கிற ஆட்கள் இல்லை. ஜன்னலோரக் கட்டிலில் ஒரு கிழவருக்கு ஒருவர் முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். "பெரியவரே, கிருதா வைக்கட்டுமா, எடுத்துடட்டுமா?" என்று கேட்டார். இன்னும் சில நாள் கூட இருக்கப் போகிறவராகத் தெரியாத அந்தக் கிழவர், கண்ணாடியை வாங்கி இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்து, வைக்கச் சொன்னார்.

எழில்மதி என்கிற நர்ஸ் வந்தாள். சின்ன வயசு, நிதானமான பேச்சு. கலியமூர்த்தி விசாரணையை ஆரம்பித்தார்.

"ஐ.சி.யு. எங்கம்மா?"

"இல்லீங்க சார்."

"கட்டிலுக்குக் கட்டில் ஆக்சிஜன் லைன்?"

"அதுவும் இல்லீங்க. சிலிண்டர் இருக்குது, மூச்சு வாங்குனா வைப்போம்."

"அப்பறம் இன்னாதான் வச்சிருக்கீங்க? பார்க்க வர்ற நேரம் இன்னா?"

"நேரம்னு ஒண்ணு கெடையாதுங்க. எப்ப வேணா வாங்க. சொல்லாமகூட வாங்க."

கலியமூர்த்தி அடுத்த கேள்வியை மறந்துவிட்டார். சொல்லாமல் வந்து பாருங்கள் என்று அவரிடம் இதுவரைக்கும் ஒரு ஜீவன் சொன்னதில்லை. அவர் விழித்துக்கொண்டிருந்த நேரத்தில் எழில்மதி கேட்க ஆரம்பித்தாள். அம்மா எந்தப் பக்கமாகப் படுப்பார்கள், வெளிச்சம் பிடிக்குமா, காபியா டீயா, தலையில் எண்ணெய் வைப்பார்களா, எதற்காவது பயப்படுவார்களா. ஸ்கேன் ரிப்போர்ட்டுகளைப் பை நிறையக் கொண்டுபோயிருந்தார் அவர். அவற்றை எழில்மதி அப்புறம்தான் வாங்கினாள். பயத்தைப் பற்றிக் கேட்டதும் காந்திமதியின் அக்கா கதையைச் சொன்னார். எழில்மதி குறுக்கே பேசாமல் கேட்டாள். கடைசியில், "சரிங்க சார், தெரிஞ்சிகிட்டேன்" என்றாள். அவ்வளவுதான். நாங்கள் அப்படிச் செய்வோமா, கண்ணில் வைத்துப் பார்த்துக்கொள்வோம் என்று அவள் ஆரம்பித்திருந்தால் கலியமூர்த்தி அந்த நிமிஷமே ஸ்கூட்டரை உதைத்திருப்பார்.

வீட்டுக்கு வந்தவரிடம் காந்திமதி, "எப்படி?" என்றாள்.

"முன்னாடி நல்லால்ல. பின்னாடி நல்லாருக்குது."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்ப போவலாம்" என்றாள்.

சேர்த்த மறுநாள்தான் அந்தக் கூத்து நடந்தது. சோப்பும் துண்டும் வாங்க வடலூர்க் கடைத்தெருவுக்குப் போயிருந்தார் கலியமூர்த்தி. திரும்பி வந்து வாசற்படியில் கால் வைத்ததும் காது குறுகுறுத்தது. சத்தம் இல்லை. வாரக்கணக்காக அவர் காதில் விழுந்துகொண்டே இருந்த முனகல், தூக்கத்திலும் நிற்காத முனகல், இல்லை.

சுரங்கத்துக்காரர்களுக்குச் சத்தம்தான் நல்ல செய்தி. பெல்ட் ஓடுகிற இரைச்சல் இருக்கிற வரைக்கும் எல்லாம் நடக்கிறது. அமைதி வந்தால் எங்கோ ஏதோ நின்றுவிட்டது, எவனுக்கோ அடிபட்டுவிட்டது. பெல்ட் நின்ற கணமே டிபன் டப்பாவைப் போட்டுவிட்டு ஓடிப் பழகிய உடம்பு அவருடையது. சோப்பு ஒரு பக்கம், துண்டு ஒரு பக்கம் விழ, "நின்னு போச்சி! ஓடியாங்க, நின்னு போச்சி! ஊசி போட்டு முடிச்சிட்டீங்களேடா!" என்று கத்திக்கொண்டே உள்ளே பாய்ந்தார்.

எழில்மதி ஓடி வந்தாள். செல்லக்கிளி ஓடி வந்தாள். கரண்டியோடு சமையல்காரர் ஓடி வந்தார். காந்திமதி கண்ணைத் திறந்தாள்.

"என்னாங்க இது, இப்பதான் கண்ணு அசந்தேன். வந்த எடத்துலயும் மானத்த வாங்காதீங்க" என்றாள்.

கிருதா வைத்த கிழவர் ஓசையில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார். எழில்மதி சிரிப்பை அடக்கிக்கொண்டு கலியமூர்த்தியை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தாள். மார்ஃபின் வலி வந்த பிறகு கொடுக்கிற மருந்து அல்ல, வலி வருவதற்கு முன்பே நேரம் தவறாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பது, அது ஆளை முடிக்காது, தூங்க விடும் என்று சொன்னாள். வீட்டில் எப்படிக் கொடுத்தீர்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்காததாலேயே அவருக்கு விளங்கிவிட்டது. பூட்டி வைத்திருந்த மாத்திரைகள் ஞாபகத்துக்கு வந்தன.

அன்றைக்கெல்லாம் அவர் அந்த ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. காந்திமதி தூங்கினாள். புருவத்துக்கு நடுவில் விழுந்திருந்த முடிச்சு அவிழ்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. இப்படி ஒரு முகம் அவளுக்கு இருந்ததையே அவர் மறந்து போயிருந்தார். பிணி தின்ற உடம்புக்குள்ளிருந்து அவருடைய காந்திமதியை யாரோ தேடி எடுத்துக் கொண்டுவந்து படுக்க வைத்திருந்தார்கள். இவர்கள் என்ன செய்தார்கள், எப்படிச் செய்தார்கள் என்று அவருக்குப் பிடிபடவே இல்லை. பிரமித்துப் போய்ப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஆனாலும் கலியமூர்த்தி கலியமூர்த்திதானே. சொல்லாமல் வா என்றார்கள் அல்லவா, சொல்லாமல்தான் வந்தார். விடியற்காலையில் வந்தார், உச்சி வெயிலில் வந்தார், வீட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பிப் பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தார். எப்போது வந்தாலும் ஒரே மாதிரிதான் இருந்தது. செல்லக்கிளி போர்வையை விலக்குவதற்கு முன் சொன்னாள். கையைத் தூக்குவதற்கு முன் சொன்னாள். "அக்கா, இப்ப இடது பக்கமா திரும்பப் போறீங்க, என் தோளப் புடிச்சிக்குங்க" என்று சொல்லி, காந்திமதி சரி என்கிற வரைக்கும் காத்திருந்தாள். எத்தனை வேலை இருந்தாலும் காத்திருந்தாள்.

மகன் அருண்ராஜ் சென்னையிலிருந்து வந்தான். ஐ.டி. கம்பெனியில் வேலை, வேகமான பையன். வந்து பத்து நிமிஷத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பேசிவிட்டான், ஆம்புலன்ஸுக்கும் சொல்லிவிட்டான். "இங்க ஒரு டிரிப்கூட ஏத்தலப்பா. நீயா இத சரின்னு சொன்ன? ஊர்ல இருக்கற எல்லாத்துலயும் குத்தம் கண்டுபுடிப்ப. அம்மா விஷயத்துலயா ஏமாந்து போவ?" என்றான். அவன் கோபத்துக்கு அடியில் இருந்தது பயம். கலியமூர்த்திக்கு அது புரிந்தது. பையன் சொல்வது சரியாக இருந்துவிட்டால் என்ன செய்வது?

டாக்டர் மருதாசலம் வந்தார். வயதானவர், மெலிந்த ஆள். அருண்ராஜ் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "கூட்டிகிட்டுப் போறதுன்னா நானே எழுதித் தர்றேன் தம்பி. அதுக்கு முன்னாடி அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாமா?" என்றார். ஸ்டூலை இழுத்துப் போட்டுக் காந்திமதியின் கண்ணுக்கு நேராக உட்கார்ந்தார். உடம்பின் நிலைமையை அவளுக்குப் புரிகிற வார்த்தையில் சொன்னார். சென்னைக்குப் போனால் என்ன செய்வார்கள், இங்கே இருந்தால் என்ன செய்வார்கள் என்பதையும் சொன்னார். "உங்களுக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டார்.

காந்திமதி யோசித்தாள். இந்த நோய் வந்ததிலிருந்து அவளுக்கு என்ன இருக்கிறது என்று எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்கள். என்ன வேண்டும் என்று ஒருவரும் கேட்டதில்லை.

"கருவாட்டுக் கொழம்பு" என்றாள்.

வடலூர்ப் பக்கத்து வீடு அது. உயிர்க்கொலை கூடாது என்று சொல்லித்தான் மில்காரர் குடும்பம் எழுதி வைத்தது. அந்தச் சமையல்கட்டில் முட்டைகூட நுழைந்ததில்லை. டாக்டரும் கருவாட்டு வாசம் வந்தால் தெருமுனையிலேயே மூக்கைப் பொத்துகிறவர்தான். முகத்தில் அது தெரியாமல் பார்த்துக்கொள்ள அவர் பட்ட பாடு அருண்ராஜுக்குக்கூடத் தெரிந்தது.

"சமையல்கட்டுல முடியாதும்மா, அது இந்த வீட்டைக் கொடுத்தவங்க சொல்லு. மீற முடியாது" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார். "வேலிக்கு அந்தப்பக்கம் ரோட்டோரமா புங்க மரம் இருக்கு. அது அவங்க எழுதி வச்ச எடத்துல சேராது."

மறுநாள் மத்தியானம் செல்லக்கிளி தன் வீட்டில் வைத்த நெத்திலிக் கருவாட்டுக் குழம்பைக் கத்திரிக்காய் போட்டுத் தூக்குவாளியில் கொண்டுவந்தாள். கட்டிலோடு காந்திமதியைத் தோட்டத்துக் கதவு வழியாக உருட்டினார்கள். கேட்டுப் படியில் சக்கரம் ஏறவில்லை. அருண்ராஜ் ஒரு மூலையைப் பிடித்தான், சமையல்காரர் ஒரு மூலை, கலியமூர்த்தி ஒரு மூலை. நான்காவது மூலையை டாக்டர் மருதாசலம் பிடித்தார், முகத்தைக் காற்று வரும் பக்கம் திருப்பிக்கொண்டு. ரோட்டில் போன மினி பஸ்ஸிலிருந்து ஜனங்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

காந்திமதியால் விழுங்க முடியாது. செல்லக்கிளி விரல் நுனியில் குழம்பைத் தொட்டு, "வைக்கட்டுங்களாக்கா?" என்று கேட்டு, நாக்கில் வைத்தாள். காந்திமதி கண்ணை மூடிக்கொண்டாள். நாக்கு மெதுவாக மேலண்ணத்தில் தட்டியது. எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"புளி கொஞ்சம் கம்மி" என்றாள்.

"நாளைக்குச் சேர்த்துடலாங்கக்கா" என்றாள் செல்லக்கிளி.

அருண்ராஜ் மரத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டான். கொஞ்ச நேரம் கழித்துப் போனை எடுத்து ஆம்புலன்ஸ் வேண்டாம் என்று சொன்னான். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. தூக்குவாளியில் மீதி இருந்ததைச் சோற்றில் ஊற்றிக் கலியமூர்த்தி சாப்பிட்டார். எந்தத் தெரு என்று கேட்ட அதே வாய்தான். சாப்பிட்டுவிட்டு வாளியைத் தானே கழுவிச் செல்லக்கிளி கையில் கொடுத்தார். "புளி சரியாத்தாம்மா இருந்துச்சி. அவ சும்மா சொல்றா" என்றார்.

அன்று பொழுது சாய்கிற நேரத்தில் காந்திமதி அவரைப் பார்த்து, "எடம் நல்லாத்தாங்க பார்த்திருக்கீங்க" என்றாள். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவருடைய செக்கிங்கைப் பற்றி அவள் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான்.

அப்புறம் அவள் பேச்சு குறைந்தது. பேச்சு நின்றது. கண்ணும் மூடிக்கொண்டது. இனி வரப்போவதை எழில்மதி முன்கூட்டியே அவரிடம் சொல்லி வைத்தாள். கை கால் சில்லிடும், மூச்சு விட்டு விட்டு வரும், தொண்டையில் கரகரவென்று சத்தம் வரும், கேட்கிற நமக்குத்தான் கஷ்டம், அவங்களுக்கு இல்லை, காது கடைசி வரைக்கும் கேட்கும்னு வச்சிக்குங்க, பேசிகிட்டே இருங்க என்றாள். அவர் பேசினார். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்தது, பிளாக்கில் இருந்த முருங்கை மரம், அருண்ராஜ் சைக்கிளிலிருந்து விழுந்து பல் உடைந்தது என்று வாய்க்கு வந்ததைப் பேசினார்.

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு புதுப் பயம் அவரைப் பிடித்துக்கொண்டது. அக்காவுக்காவது கண் திறந்திருந்தது, பார்த்துக்கொண்டிருந்தது. காந்திமதிக்கு அதுவும் இல்லை. இனி அவளால் சரி என்று சொல்ல முடியாது, வேண்டாம் என்று முகம் சுளிக்க முடியாது, பிறகு அவரிடம் சொல்லவும் முடியாது. தான் அந்தண்டை போனால் என்ன நடக்கும்? எத்தனை பேரிடம் எத்தனை கேள்வி கேட்டாலும் அதற்கு மட்டும் உத்தரவாதம் வாங்க முடியாது என்று அவருக்குத் தெரியும்.

ஒரு முற்பகலில், எல்லாம் எழில்மதி சொன்ன மாதிரியே நடந்து, கடைசி மூச்சுக்கு அப்புறம் அடுத்தது வரவில்லை. கலியமூர்த்தியின் கை அவள் கைக்குள் இருந்தது. அருண்ராஜ் காலடியில் இருந்தான். யாரும் ஓடவில்லை, யாரும் நெஞ்சைப் போட்டு அழுத்தவில்லை. எழில்மதி நாடியைப் பார்த்துவிட்டு, "அம்மா போயிட்டாங்க சார்" என்று மெல்லச் சொல்லிவிட்டு, அவர்கள் அழுது முடிகிற வரைக்கும் சுவரோரமாக நின்றாள்.

வீட்டுக்குக் கொண்டுபோவதற்கு முன் உடம்பைத் துடைத்துப் புடவை மாற்ற வேண்டும். மாற்றுப் புடவை இருக்கிறதா என்று எழில்மதி கேட்டாள். அருண்ராஜ் வண்டிக்குச் சொல்லப் போயிருந்தான். கலியமூர்த்தி அருண்ராஜின் காரில் இருந்த பையைக் கிளறி, காந்திமதி விரும்பிக் கட்டுகிற பச்சைச் சுங்குடிப் புடவையை எடுத்துக்கொண்டு வந்தார். அறைக் கதவு முக்கால்வாசி சாத்தியிருந்தது. அவர் வேவு பார்க்க வரவில்லை. புடவையைக் கொடுக்கத்தான் வந்தார். உள்ளே பேச்சுக் குரல் கேட்டதால் நின்றார்.

"அக்கா, முகம் தொடைக்கிறேங்க" என்று செல்லக்கிளி சொன்னாள்.

கலியமூர்த்தி கதவிடுக்கில் பார்த்தார். செல்லக்கிளி வாளித் தண்ணீரில் முழங்கையை விட்டுப் பார்த்தாள். சூடு கூடுதல் போல. எழுந்து போய் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் கொண்டுவந்து விளாவி, மறுபடியும் முழங்கையை விட்டுப் பார்த்தாள். துணியை நனைத்துப் பிழிந்தாள்.

"கழுத்துக்குப் பின்னாடி கைய வைக்கிறேன். எழிலு அந்தப் பக்கம் புடிச்சிருக்குது. இப்ப இடது பக்கமா திரும்பப் போறீங்க, பயப்படாதீங்க" என்றாள். சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். பதில் வராத அந்த உடம்பிடம், சரி என்று சொல்ல ஆகிற நேரம் வரைக்கும் காத்திருந்துவிட்டு, அப்புறம் இருவரும் அவளை மெல்லத் திருப்பினார்கள். எழில்மதி தலை சாய்ந்துவிடாமல் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டிருந்தாள்.

கலியமூர்த்திக்கு மயிர்க்கூச்செறிந்தது. யாரும் பார்க்கவில்லை. புகார் சொல்ல ஆள் இல்லை, படுத்திருந்தவளுக்கு உணர்ச்சி இல்லை. இனிமேல் யாருக்கும் இவர்கள் நல்லபேர் வாங்கிக் காட்ட வேண்டியதில்லை. அப்படியிருந்தும் தண்ணீரின் சூடு சரியாக இருக்க வேண்டும் என்று ஒருத்தி இரண்டு தரம் முழங்கையை விட்டுப் பார்க்கிறாள். வாழ்நாளெல்லாம் குறை தேடியே நடந்த மனுஷன், நிறைவான ஒன்றின் முன்னால் என்ன செய்வது என்று தெரியாமல் புடவையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். கோயிலில் கற்பூரம் காட்டுகிறபோதுகூட அவர் அப்படி நின்றதில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார்.

செல்லக்கிளி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "உள்ள வாங்கய்யா" என்றாள். "நாங்க புடிச்சிக்கிறோம், நீங்களே கட்டி வுடுங்களேன்."

உள்ளே போனார். புடவையை உதறி விரித்தார். காந்திமதியின் தோளைத் தூக்குவதற்காகக் கை நீண்டது. தொடப் போன கை அந்தரத்தில் நின்றது.

"காந்தி, நான்தான்" என்றார். பிறகு சொன்னார். "தோளத் தூக்கறேன் காந்தி. புடவ கட்டப் போறேன்."

கொஞ்சம் காத்திருந்துவிட்டு, அப்புறம் தொட்டார்.